குழந்தை பிறந்ததும் போய்விடுமா கர்ப்ப கால சுகர்?

"கர்ப்பத்துல வர்ற சுகர்தானே... குழந்தை பொறந்தா தானா போயிடும். பயப்படாதம்மா."

மகப்பேறு மருத்துவமனையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் இது. ஆறுதல் நல்லதுதான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. பெரும்பாலானோருக்குப் பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை பழைய நிலைக்கு வந்துவிடும். சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது. போன சர்க்கரை பல பெண்களுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது. அப்போது அது வந்து போகிற விருந்தாளி இல்லை, வீட்டோடு தங்கிவிடுகிறது. வயிற்றில் இருந்த குழந்தையின் உடலிலும் அந்த மாதங்களின் தடம் இருந்துகொண்டே இருக்கிறது.

அதனால் இதைப் பயமுறுத்தும் விஷயமாகவும் பார்க்க வேண்டாம், "அது சும்மா" என்று தள்ளிவிடவும் வேண்டாம். என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம.

"நான் ஸ்வீட்டே தொடமாட்டேனே, எனக்கு எப்படி?"

சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதும் பெரும்பாலான பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி, "எங்க வீட்ல யாருக்குமே இல்லையே?"

இனிப்பு சாப்பிட்டதால் வருவதல்ல இது. குழந்தைக்கு உணவு கொண்டுபோகும் நஞ்சுக்கொடி வெறும் குழாய் இல்லை. அது ஒரு ஹார்மோன் தொழிற்சாலை. அங்கே சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. இது இயற்கை செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. தாயின் தசைகள் சர்க்கரையை முழுவதுமாக இழுத்துக்கொண்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? அதற்காகத்தான் இந்தத் தடுப்பு. மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடி வளர்கிறது, தடுப்பும் கூடுகிறது. அதை ஈடுகட்ட, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் கணையம் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது.

பல பெண்களின் கணையம் இந்தக் கூடுதல் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்துவிடும். சிலருடையது முடியாமல் திணறும். அப்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுதான் கர்ப்ப கால நீரிழிவு. பொதுவாக 24-வது வாரத்தை ஒட்டி வெளிப்படுவதும் இதனால்தான்.

பெற்றோருக்கு நீரிழிவு இருப்பது, உடல் எடை, 30 வயதைத் தாண்டிய கர்ப்பம், பிசிஓடி, முந்தைய பிரசவத்தில் பெரிய குழந்தை பிறந்தது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாத, ஒல்லியான, 23 வயதுப் பெண்ணுக்கும் வருகிறது. தெற்காசியர்களுக்கு இந்த ஆபத்து இயல்பிலேயே அதிகம். எனவே "யாருக்கு வரும்னு பார்த்தாலே தெரியும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிகுறியும் கிடையாது. அடிக்கடி சிறுநீர் போவது, களைப்பு, தாகம் எல்லாம் கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாகவே இருப்பவை. பரிசோதனை ஒன்றுதான் வழி.

"நல்லா கொழுகொழுன்னு பொறந்திருக்கான்"

பிரசவ வார்டில் நான்கு கிலோ குழந்தையைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் முகத்தில் வரும் பெருமிதமே தனி. மருத்துவருக்கு வருவது வேறு யோசனை.

தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். தாயின் ரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் குழந்தைக்கும் அதிகமாகப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னக் கணையம் தானே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. கருவில் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோனாகவும் வேலை செய்யும். விளைவாக, குழந்தை கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது, குறிப்பாகத் தோள்பட்டையிலும் வயிற்றுப் பகுதியிலும். டென்மார்க் மருத்துவர் ஜோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் அடிப்படையில் அதுவே நிற்கிறது.

தோள் பெருத்தால் என்ன ஆகும்? தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளலாம். மகப்பேறு மருத்துவர்கள் மிகவும் பயப்படும் நிமிடங்களில் இதுவும் ஒன்று. குழந்தையின் கை நரம்பு பாதிக்கப்படலாம், தோள் எலும்பு முறியலாம், மூச்சுத் திணறலாம். தாய்க்குக் கிழிசலும் ரத்தப்போக்கும் அதிகமாகலாம். சிசேரியன் கூடுவதற்கும் இது ஒரு காரணம்.

தொப்புள்கொடியை வெட்டியதும் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. அம்மாவிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை அந்தக் கணத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் குழந்தையின் கணையத்துக்கு அது தெரியாது. பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் ரத்தச் சர்க்கரை சரசரவென இறங்குகிறது. அம்மாவுக்கு அதிகம், பிள்ளைக்குக் குறைவு! கேட்பவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், மூளை பாதிக்கப்படலாம். அதனால்தான் இந்தத் தாய்மார்களின் குழந்தைக்குக் குதிகாலில் அடிக்கடி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். "பச்சப்புள்ளய ஏன் இப்படிக் குத்துறாங்க" என்று பாட்டிகள் நர்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மஞ்சள் காமாலை, கால்சியம் குறைவு, மாதம் நிறைந்திருந்தும் நுரையீரல் முழுதாகப் பக்குவப்படாமல் மூச்சு வாங்குவது ஆகியவையும் நேரலாம். சர்க்கரை மிக மோசமாகக் கட்டுப்பாடின்றிப் போனால் கடைசி வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் அபாயமும் உண்டு. எழுதக் கஷ்டமாக இருந்தாலும் இதை மறைத்துப் பயனில்லை.

ஒரு கிளைச் செய்தி. குழந்தை பெரிதாக இல்லை என்பதால் எல்லாம் சரி என்றும் நினைக்க முடியாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பல ஆண்டுகள் செய்த ஆய்வு, இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு அதிகமாக இருப்பதைக் காட்டியது. 'ஒல்லியான குண்டு' என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தராசில் தெரியும் எடை முழுக் கதையைச் சொல்வதில்லை.

தாயைப் பொறுத்தவரை உயர் ரத்த அழுத்தம், பனிக்குட நீர் அதிகமாவது, குறைப் பிரசவம், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவை முக்கியமானவை. கால் வீக்கத்தோடு கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

முதலிலேயே இருந்த சர்க்கரை வேறு கதை

கர்ப்பமாகும் முன்பே நீரிழிவு இருந்து, அது தெரியாமலே கருத்தரிக்கும் பெண்கள் இப்போது கூடிவருகிறார்கள். இதையும் கர்ப்ப காலத்தில் புதிதாக வரும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு, மூளை எல்லாம் உருவாவது முதல் எட்டு வாரங்களில். அப்போதே ரத்தத்தில் சர்க்கரை அதிகமிருந்தால் பிறவிக் குறைபாடுகளும் கருச்சிதைவும் வரும் வாய்ப்பு அதிகம். 24 வாரத்துக்குப் பிறகு வரும் சர்க்கரையால் பொதுவாக அந்த ஆபத்து இல்லை. உறுப்புகள் அதற்குள் உருவாகி முடிந்திருக்கும்.

அதனால்தான் நம் ஊரில் முதல் பரிசோதனையை 24-வது வாரம் வரை தள்ளிப்போடாமல், கர்ப்பம் உறுதியானதும் முதல் வருகையிலேயே செய்யச் சொல்கிறார்கள். அதில் இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி. "முதல்ல பார்த்தப்ப நார்மல்னு சொன்னாங்களே, திரும்ப எதுக்கு?" என்று இரண்டாவதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இரண்டாவதுதான் கர்ப்ப காலச் சர்க்கரையைப் பிடிக்கும் வலை.

அந்த குளுக்கோஸ் தண்ணீருக்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை

75 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. காலையில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் செய்ய வேண்டும்.

இந்த எளிய முறையைப் பிடிவாதமாக முன்னெடுத்தவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனித் துறையை உருவாக்கியவர். 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அவருடைய வாதம் மருத்துவத்தைவிடப் பேருந்து நேரத்தைச் சார்ந்தது என்றுகூடச் சொல்லலாம். இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணிடம், "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்றால் எத்தனை பேர் வருவார்கள்? வந்த அன்றே, இருந்த நிலையிலேயே செய்துவிட வேண்டும்.

அவருடைய குழு தமிழ்நாட்டில் செய்த கள ஆய்வு 2008-ல் வெளியானது. நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருந்தது. கிராமத்திலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவர்! 'டவுன் வியாதி' என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. 2007-லேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய வழிகாட்டி வந்தது 2014-ல்தான். அது 2018-ல் திருத்தப்பட்டது.

இந்த முறை மீது விமர்சனமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் ஏற்ற அளவுகோல்படி, வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை என்று மூன்று தடவை ரத்தம் எடுக்க வேண்டும். 92, 180, 153 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே நீரிழிவு. சாப்பிட்டுவிட்டு வந்து செய்யும் ஒற்றைப் பரிசோதனை சிலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே வேறு மருத்துவக் குழு செய்த ஒப்பீட்டு ஆய்வு சொன்னது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் செய்யப்படும் சுமாரான சோதனை, பாதிப் பேர் வராமல் போகும் துல்லியமான சோதனையைவிட மேல் என்பது என் கருத்து. தனியார் மருத்துவமனையில் மூன்று முறை ரத்தம் எடுத்தால் குழம்ப வேண்டாம். அவர்கள் பின்பற்றும் அளவுகோல் அது, அவ்வளவுதான். அக்காவுக்குச் சொன்ன எண்ணையும் தங்கைக்குச் சொன்ன எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன், எந்த முறையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கண்டுபிடித்து என்ன பயன்? 2005-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ஆயிரம் கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனை, சர்க்கரைக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். குழந்தைக்கு நேர்ந்த கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது.

வளைகாப்பும் ஐந்து வகைச் சாதமும்

நம் ஊரில் இரண்டாவது பரிசோதனை முடியும் நேரத்தில்தான் வளைகாப்பும் வருகிறது. ஏழாம் மாதம். புளியோதரை, லெமன் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். வருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். முந்தின வாரம்தான் அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்திருக்கும். வெளியே சொன்னால் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அவள் வாய் திறக்க மாட்டாள்.

ஒரு நாள் விருந்து குடியைக் கெடுக்காது. கவலை அந்த ஒரு நாளைப் பற்றியது அல்ல, "ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்" என்ற பேச்சைப் பற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி. மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு டம்ளர் பால், தோராயமாக அவ்வளவுதான். இன்னொரு ஆளின் சாப்பாடு அல்ல.

எதிர்த் திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை என்றதும் பயந்துபோய்ச் சோற்றையே நிறுத்திவிட்டு, பட்டினியாகக் கிடந்து எண்ணைக் குறைப்பார்கள். எண் குறையும். ஆனால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் கீட்டோன் சேரும். அது குழந்தைக்கு நல்லதல்ல. சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அளவும் நேரமும்தான் விஷயம். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுணவு. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது புரதம். மீதிக் கால் பங்குதான் சாதம். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

காலையில்தான் இன்சுலினின் வேலை மிகவும் மந்தமாக இருக்கும். ஐந்து இட்லியை ஒரே மூச்சில் சாப்பிடும்போது காலை எண் எகிறுவது இதனால்தான். எட்டு மணிக்குப் பாதி, பத்தரைக்கு மீதிப் பாதி என்று பிரித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள் நம்மூர் மருத்துவர்கள். அதே இட்லிதான், எண் மட்டும் குறைந்திருக்கும்.

சில நம்பிக்கைகளை இங்கேயே உடைத்துவிடலாம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். "ஆர்கானிக்" என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர், நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமம். ராகி நல்லதுதான், ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்தால் வேகமாக ஏறும். அடையாகவோ களியாகவோ காய்கறியோடு சாப்பிடுவது தேவலை. மாதுளை ஜூஸ் வேண்டாம், மாதுளையே கொஞ்சம் சாப்பிடலாம். கொய்யா மிக நல்லது. குங்குமப்பூ பாலில் குங்குமப்பூவால் நிறம் வராது. அதில் போடும் இரண்டு ஸ்பூன் சீனியால் சர்க்கரை ஏறும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் உள்ள பேரீச்சம்பழத்தை எவ்வளவு சாப்பிடலாம் என்று கிராம சுகாதார செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் நல்ல பலன் கிடைக்கும். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம்.

இதையெல்லாம் எழுதுவது சுலபம். கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு இரவு பத்து மணிக்கு மிச்சம் மீதியோடு உட்காரும் மருமகளால் எதைப் பின்பற்ற முடியும்? உணவு ஆலோசனைக்கு அந்தப் பெண்ணை மட்டும் அழைத்து அரை மணி நேரம் பேசுவதைவிட, வீட்டில் சமைப்பவரையும் கணவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசினால் பலன் அதிகம். மருத்துவர் கூப்பிடாவிட்டாலும் நீங்களே அழைத்துப் போங்கள்.

"ஊசி போட்டா வாழ்நாள் பூரா போடணுமாமே?"

இரண்டு வாரம் உணவையும் நடையையும் சரிசெய்து பார்ப்பார்கள். பெரும்பாலானோருக்கு அதுவே போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 120-க்குக் கீழே வராவிட்டால்தான் மருந்து. நம் நாட்டு வழிகாட்டியில் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் இடம் உண்டு, 20 வாரத்துக்குப் பிறகு. மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. பல மருத்துவர்கள் இன்சுலினை விரும்புவது இதனால்தான்.

அப்படியிருந்தும் இன்சுலின் என்றதும் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். ஒரு முறை தொட்டால் விடாது என்ற பயம். கர்ப்ப கால நீரிழிவில் உண்மை நேர்மாறானது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலினைத் தடுத்துக்கொண்டிருந்த ஹார்மோன்களும் போய்விடும். பெரும்பாலானோருக்கு அன்றே ஊசி நின்றுவிடும். 32-வது வாரத்துக்கு மேல் இன்சுலின் அளவைக் கூட்டச் சொன்னால் 'நோய் முத்திருச்சு' என்று பொருளல்ல, நஞ்சுக்கொடி வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்சுலின் மருந்தை ஃபிரீசரில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமான மண்பானைக்குள் வைக்கலாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் 'எனக்குத்தான் சுகர் ஆச்சே' என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

சர்க்கரை இருந்தால் சிசேரியன்தான் என்பதும் இல்லை. கட்டுப்பாட்டில் இருந்து, குழந்தையின் எடையும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. என்ன சிக்கல் வந்தாலும் சமாளிக்கக் குழந்தை மருத்துவர் இருக்கும் இடமாகப் பார்த்துப் பிரசவத்துக்குச் சேர்வது முக்கியம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். குழந்தைக்குச் சர்க்கரை இறங்காமல் காப்பது அந்தச் சீம்பால்தான். "சுகர் இறங்குதுன்னு சொல்றாங்களே, சேனை வெச்சா சரியாயிடும்" என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பால் போதாமல் எண் இறங்கினால் மருத்துவமனையிலேயே குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

ஆறாவது வாரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேரமிருக்கிறதென்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்ப கால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிட ஏழு மடங்கு அதிகம் என்றது 2009-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு ஆய்வு. 2020-ல் இன்னும் அதிகப் பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது அது ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே பிரசவமாகி ஆறு வாரம் கழித்து இந்தப் பெண்களுக்கு மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும், இந்த முறை வெறும் வயிற்றில். தேசிய வழிகாட்டியிலும் இது இருக்கிறது. அப்படியும் பிரசவத்துக்கு முன் வரிசையில் நின்ற பெண்களில் பலர் இதற்கு வருவதில்லை.

அலட்சியம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. நம் வழக்கத்தைப் பாருங்கள். கர்ப்பப் பதிவு, செக்கப் எல்லாம் கணவர் ஊரில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. ஆறு வாரத்தில் அவள் இருப்பது அம்மா வீட்டில், பதிவேடு இருப்பது வேறு மாவட்டத்தில். அதற்குள் எல்லோருடைய கவனமும் குழந்தையின் பக்கம் திரும்பியிருக்கும். பச்சை உடம்புக்காரி வெளியே அலையக் கூடாது என்று வேறு சொல்வார்கள். "அதான் டிஸ்சார்ஜ் அன்னைக்கே நார்மல்னு சொல்லிட்டாங்களே!"

ஒரு வழி இருக்கிறது. அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசி. அதை யாரும் தவறவிடுவதில்லை. அன்று அம்மா வெறும் வயிற்றில் போய், குழந்தை ஊசி போட்டுக்கொள்ளும் இடத்திலேயே தன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வரலாம். முதல் ரத்தம் கொடுத்த பிறகு குளுக்கோஸ், பின்பு இரண்டு மணி நேரக் காத்திருப்பு. இடையில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். தாய்-சேய் நல அட்டையைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம்.

இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழ் என்றால் இப்போதைக்கு நிம்மதி, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 140 முதல் 199 வரை என்றால் நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள். 200-ஐத் தொட்டாலோ, வெறும் வயிற்றில் 126 இருந்தாலோ நீரிழிவு. வாசலில் நிற்பவர்கள் திரும்பிவிட முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்பு கர்ப்ப கால நீரிழிவு வந்திருந்த, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற பெண்களுக்கு, எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் நீரிழிவு வருவதைச் சரிபாதியாகக் குறைத்தன. தாய்ப்பால் கொடுப்பதும் தாய்க்கே பாதுகாப்பு.

குழந்தைக்கு? அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இங்கே முக்கியம். ஒரே தாய்க்கு, அவளுக்கு நீரிழிவு வரும் முன்பு பிறந்த பிள்ளையையும், வந்த பிறகு பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். அதே அம்மா, அதே வீடு, அதே சாப்பாடு. பின்னால் பிறந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 3.7 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தத் தாய்களுக்கு இருந்தது இரண்டாம் வகை நீரிழிவு, கர்ப்ப காலத்தில் மட்டும் வந்தது அல்ல. இருந்தாலும் பரம்பரை மட்டுமே காரணமில்லை, வயிற்றுக்குள் இருந்த சூழலுக்கும் பங்குண்டு என்று அது காட்டியது. எனவே இந்தக் குழந்தைகள் நான்கைந்து வயதில் 'கொழுகொழு' என்று ஆகிறபோது ரசித்துக்கொண்டிராமல் எடையைக் குறித்துவைப்பது நல்லது. பள்ளியில் சேர்த்த பிறகும், குழந்தை மருத்துவரிடம் போகும்போது "நான் இவனைச் சுமந்தப்ப எனக்கு சுகர் இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், கர்ப்பமான பிறகு இல்லை, அதற்கு முன்பே ரத்தச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டு அப்போதே தொடங்கலாம். இரண்டாவது முறை பதிவு செய்யும்போது செவிலியர் கேட்காவிட்டாலும் முதல் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததைச் சொல்லிவிடுங்கள். சோதனை அன்றைக்கே தொடங்கும். சந்தேகம் இருந்தால் 104-க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.